ஓடாத காரின் வயது

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மச்சான் என் தோளைப் பற்றினார்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருங்கள். ஓர் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு கார் பார்க்க வேண்டும்" என்றார்.

மச்சான் என்று நான் குறிப்பிடுவது என் மூத்த சகோதரியின் கணவரை. சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் ஒரு செல்வந்தர் வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் காரோட்டியாக இருந்துவிட்டு, அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரேயடியாகப் போடிக்குத் திரும்பியவர். கணக்கு முடித்துக் கொடுத்த தொகையும் சேமிப்புமாக அவர் கையில் ஒன்பது இலட்சம் ரூபாய் இருந்தது. வீட்டின் மாடி சுவரெழுப்பிய அளவில் நின்றுபோயிருந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் கார் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் திடுக்கிட்டது.

எனக்கும் காருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றேன். பிறகு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் அமர்ந்தேன். நான் ஓட்டுவது இரு சக்கர வண்டி. காரைப் பற்றிய என் அறிவை நாடி மச்சான் என்னை அழைக்கவில்லை. "ஹஜ்ரத்தே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்" என்று அக்காவிடம் கூறி வாயை அடைக்கலாம் என்பதே அவர் எண்ணம். அது எனக்குத் தெரிந்திருந்தும் போனேன். ஏனென்றால் அது எந்த வீட்டுக் கார் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் என் மனம் பதினைந்து வயதுக்குப் போய்விட்டது.

1996-ஆம் ஆண்டு அது. மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த ஆண்டு. எங்கள் ஊர் ஏலக்காய் வணிகர் ஒருவர் புத்தம்புதிய பென்ஸ் கார் வாங்கினார். மாலை வேளையில் நல்ல மழை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற எங்கள் முன்னால் அந்தக் கார் மெல்ல ஊர்ந்து சென்றது. எல்லாக் கார்களுக்கும் கண்ணாடி துடைக்க இரண்டு கைகள் இருக்கும். அதற்கு ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைக் கை நடுவிலிருந்து எழும்பி, மூலை வரும்போது எட்டிக் குதித்து நீண்டு, மறுபடியும் சுருங்கி, மறு மூலைக்குப் பாய்ந்தது. அன்றிரவு என் அத்தாவிடம் அதைப் பற்றியே பேசினேன். அத்தா ஏலக்காய்க் கடையில் எடை போடுபவர். "அந்தக் காரின் ஒரு சக்கரத்தின் விலை நம் வீட்டு ஓராண்டுச் சாப்பாடு" என்று சிரித்தார்.

அந்தக் கார்தான் இப்போது விலைக்கு வந்திருந்தது. வணிகர் 2022-இல் காலமாகிவிட்டார். ஒரு தரகர் மூலம் செய்தி வந்தது: விலை மூன்றரை இலட்சம். ஓடியிருப்பது 31,400 கிலோமீட்டர் மட்டுமே. மச்சானை மயக்கியது அந்த எண்.

காரின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1994-இல் டெல்கோவுடன் கூட்டுச் சேர்ந்து புனேயில் தொழில் தொடங்கியது. 1995-இல் அங்கிருந்து முதன்முதலாக வெளிவந்தது டபிள்யூ 124 என்ற வகை. ஜெர்மனியில் 1980-களின் நடுவிலிருந்து செய்யப்பட்டு வந்த அந்த வகை, உலகெங்கும் 25 இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. மச்சான் தம்மாமில் முதல் ஏழு ஆண்டுகள் ஓட்டியதும் அதே வகைக் கார்தான். எஜமானரின் பிள்ளைகளைப் பள்ளிக்கும், வீட்டம்மாவைக் கடைத்தெருவுக்கும், பெரியவரை மருத்துவமனைக்கும் அதில்தான் அவர் கொண்டு சென்றார். ஒரு நாளும் அதன் பின் இருக்கையில் அமர்ந்ததில்லை என்று அவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

வணிகரின் வீடு பழைய காலத்து வீடு. முன்புறம் ஏலக்காய்க் கிடங்கு. அதன் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. கொட்டகையின் மேல் ஒரு வேப்பமரம் கவிந்திருந்தது. கார் பளபளவென்று நின்றது. தரகர் முந்தின நாளே ஆள் வைத்துக் கழுவி மெழுகு பூசியிருந்தார். மச்சான் பேசாமல் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மெல்லச் சாத்தினார். அந்த ஒலியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பேரம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

என் அத்தா ஏலக்காய் பார்க்கும் விதத்தைச் சிறு வயதிலிருந்து கண்டிருக்கிறேன். முதலில் நிறத்தைப் பார்ப்பார். ஆனால் நிறத்தை நம்ப மாட்டார். பச்சைச் சாயம் ஏற்றுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். லிட்டர்ப் படியில் அளந்து, அதை எடை போடுவார். பருத்த காயாக இருந்தும் எடை குறைந்தால் உள்ளே அரிசி முற்றவில்லை என்று பொருள். பிறகு கையை மூட்டையின் நடுவில் விட்டுக் கீழே இருக்கும் காயை எடுப்பார். இன்று போடியிலும் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. ஆனால் திரையில் விலை கேட்கும் வணிகர்களும் முன்னால் இருக்கும் மாதிரிக் காயை விரலால் நசுக்கிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள்.

காரைப் பற்றி ஒன்றும் அறியாத நான் அத்தாவின் வழக்கப்படி கையைக் கீழே விட்டேன். முன் இருக்கையின் காலடியில் கம்பளத்தைத் தூக்கி அடியில் தொட்டால் ஈரம். விரலை முகர்ந்தால் பூசணம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, விரல்களில் ஈரம் படக் கண்டு, நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றுதான் என் விரலே நனைந்தது. தரகர், "நேற்றுக் கழுவியதில் தண்ணீர் இறங்கியிருக்கும் பாய்" என்றார். ஒரு நாளில் பூசணம் பிடிக்குமா என்று நான் கேட்கவில்லை. மச்சான் என் கையை அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு இருவரும் மறுபடியும் போனோம். தரகர் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அன்று வணிகரின் துணைவியாரே திண்ணைக்கு வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். என் அத்தாவை அவருக்குத் தெரிந்திருந்தது.

"எடை போடுகிற ராவுத்தர் மகனா நீ? உட்காரு தம்பி" என்றார். பிறகு காரைப் பற்றிக் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். 2019-இல் ஒரு நாள் கார் கடைத்தெருவில் நின்றுபோய், ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார்களாம். அதன்பின் அதைத் தெருவில் எடுக்கவே இல்லையாம். "இதைச் சொல்ல வேண்டாமென்று அந்தத் தரகர் சொன்னான். சொல்லாமல் எப்படித் தம்பி விற்கிறது? நாளைக்கு நீங்கள் வழியில் நின்றால் என்னைத்தானே நினைப்பீர்கள்?" என்றார்.

கிலோமீட்டர் கணக்கு மெய்தானா என்ற என் ஐயத்துக்கும் அவரே விடை தந்தார். உள்ளே சென்று நீளமான ஒரு கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். வணிகர் ஏலக்காய்க்கு எழுதுவது போலவே காருக்கும் எழுதியிருந்தார். பெட்ரோல் போட்ட நாள், அளவு, தொகை, அப்போது மீட்டர் காட்டிய எண், எங்கே போனது என்பது வரை. மதுரை, மதுரை, பழனி, மதுரை, ஒரு முறை சென்னை. பிரேக் மிதியின் ரப்பரில் வரிகள் தேயாமல் இருந்தன. ஓட்டுநர் இருக்கை தொய்யவில்லை. எண் மெய்யானதுதான். 29 ஆண்டுகளுக்கு 31,400 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர். மதுரைக்குப் போய்வந்தால் 180 என்று கொண்டால் ஆண்டுக்கு ஆறே பயணம். அதுவும் சரியன்று. நோட்டின்படி முதல் ஒன்பது ஆண்டுகளிலேயே 26,000 ஓடிவிட்டது. எஞ்சிய இருபது ஆண்டுகளும் அது பெரும்பாலும் நின்றிருந்தது.

ஏன் ஓட்டவில்லை என்பதற்கு எங்கள் மலைதான் காரணம். ஏலமலைத் தோட்டங்களின் பாதைகள் ஜீப்புக்கென்று பிறந்தவை. விடியற்காலையில் போடியிலிருந்து பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த வணிகருக்குச் செல்வம் ஜீப்பில் இறங்கி வந்தது. பென்ஸ் கொட்டகையில் இருந்தது. தோட்டத்துக்குள் அதைக் கொண்டுபோனால் அடிப்பாகம் கல்லில் உரசும். ஒரு முறை கொண்டுபோய் உரசியும் இருக்கிறது. அதுவும் நோட்டில் இருந்தது.

மெக்கானிக் பாய் மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் குனிந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று நான் கற்றது பயனுள்ளது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டயர்களில் பள்ளம் ஆழமாக, புதியவை போல இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் 2309 என்று நான்கு எண்கள். 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருளாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் பத்தாண்டுக்கு மேல் டயரை நம்பக்கூடாது. ரப்பர் இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இதில் காப்பித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஈரம் ஏறிய ஆயிலோடு மலையிறங்கினால், பிரேக்கின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, மிதி காலுக்கடியில் பஞ்சாகிவிடும். பெட்ரோல் டாங்கியின் அடியில் பழைய பெட்ரோல் பிசினாகியிருந்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மேலும் 1990-களில் செய்த ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. கிடங்கிலிருந்து வந்த எலிகள் சில கம்பிகளின் மேலுறையைத் தின்றிருந்தன. என் விரலை நனைத்த ஈரத்தின் காரணமும் தெரிந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளில் வேப்பஞ்சருகு அடைத்து, பல மழைக்காலங்களின் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

"எஞ்சின் நன்றாக இருக்கிறது. அதற்கு வயதே ஆகவில்லை. சுற்றியிருப்பதுதான் கிழடாகிவிட்டது" என்றார் அவர். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஓடின காரில் என்ன தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் ஹஜ்ரத். நின்ற காரில் என்ன போயிருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும்."

அவர் போட்ட கணக்கு: நான்கு டயர், பிரேக் முழுவதும், எல்லா ரப்பர்க் குழாய்கள், டாங்கியும் பெட்ரோல் பம்பும், பாட்டரி, ஏசி, அடிப்பாக ரப்பர்கள், கம்பி வேலை, உதிரிப்பாகம் கிடைக்கும் விலையைப் பொறுத்துக் குறைந்தது இரண்டரை இலட்சம்.

மூன்றரையும் இரண்டரையும் ஆறு என்று நான் மனத்தில் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா ஒரு சொல் சொன்னார். "அந்தத் தரகர் ஒன்றரைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்றான். நீங்கள் பார்த்துக் கொடுங்கள்."

எங்களிடம் மூன்றரை, அவரிடம் ஒன்றரை. மச்சானின் கண்கள் ஒளிர்ந்தன. இரண்டு இலட்சம் கொடுத்தாலும் அம்மாவுக்கு இலாபம், நமக்கும் இலாபம், செலவோடு நாலரையில் முடியும் என்று திண்ணையிலிருந்து இறங்குவதற்குள் அவர் கணக்கிட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, புதிய பிரேக் ஆயிலும், இரவல் பாட்டரியும், புதுப் பெட்ரோலுமாக ஓட்டிப் பார்க்க அம்மா இசைந்தார். மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் அவர் மகன் விடாமல் புதுப்பித்து வந்ததால் தெருவில் எடுக்க முடிந்தது. முந்தல் வரை, அதுவும் மெதுவாக, மலை ஏறக்கூடாது என்று மெக்கானிக் பாய் கண்டிப்பாகச் சொன்னார்.

மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். அந்தக் காரின் உள்ளே இருந்து எங்கள் ஊரைப் பார்த்தது அதுவே முதல் முறை. சந்தை, புளியமரங்கள், தென்னந்தோப்பு எல்லாம் ஒலியின்றி நகர்ந்தன. முந்தலில் சாலை மலையைத் தொடுகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மச்சான் வண்டியை ஓரங்கட்டினார். சொன்ன சொல்லைக் காத்து, திருப்பத்தான் போனார். நான்தான் சொன்னேன்: "இரண்டு வளைவு மட்டும் ஏறிப் பார்ப்போம் மச்சான்."

அக்காவின் சார்பில் நீதிபதியாகப் போனவன் நான். அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

இரண்டு வளைவு என்றது நான்காயிற்று. கார் மலையை மலையென்று கருதாமல் ஏறியது. நான்காவது வளைவில் சூடு காட்டும் முள் எழும்பியது. மச்சான் அதைக் கண்டு ஒதுக்கி நிறுத்துவதற்குள் ஒரு வெடிச் சத்தம். மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்புகை. ரேடியேட்டர்க் குழாய் பிளந்துவிட்டது. எஞ்சினை உடனே அணைத்ததால் பெரிய சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு இருவரும் தடுப்புச் சுவரில் அமர்ந்தோம். கீழே போடி, அதற்கப்பால் வெயிலில் சமவெளி. சாயங்காலம் தோட்ட ஜீப்புகள் இறங்கத் தொடங்கின. ஒன்று நின்றது. உள்ளிருந்த பெண்கள் எட்டிப் பார்த்து, "பென்ஸ் காரையே ஜீப்பு இழுக்கணுமா பாய்?" என்று சிரித்தார்கள். இறக்கத்தில் இழுத்துச் செல்வது ஆபத்து என்று அந்த ஜீப் ஓட்டுநர் மறுத்து, கீழிருந்து மெக்கானிக் பாயை அனுப்பி வைத்தார். அவர் பழைய குழாய் ஒன்றை வெட்டிப் பொருத்தித் தண்ணீர் ஊற்றினார். எஞ்சினை ஓட விட்டு, முதல் கியரிலேயே மச்சான் காரை இறக்கினார். அவருடைய இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலை அந்த நான்கு வளைவுகளில் பார்த்தேன். இருவரும் பேசவில்லை.

விலை பேசிப் பார்ப்பதற்காகக் கையில் வாங்கிய பொருள் நம் கையில் கெட்டால் பொறுப்பு நம்முடையது. அதுவும் மலையேறச் சொன்னவன் நான். குழாயின் விலையை நான் கொடுத்தேன். அம்மா வேண்டாமென்றும் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு அக்கா வீட்டில் பேச்சு நடந்தது. மச்சானின் திட்டம் அப்போதுதான் முழுமையாக வெளிவந்தது. காரைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுவார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்கினால் இரண்டாண்டில் போட்ட பணம் வந்துவிடும். "வசதியான வாகனம் மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று ஹதீஸ் இருக்கிறதா இல்லையா, ஹஜ்ரத்?" என்று என்னை வேறு மடக்கினார். இருக்கிறது. நான் மறுக்கவில்லை. பென்ஸ் வாங்குவதே வீண் விரயம் என்று சொல்ல நான் போகவில்லை. வீட்டைக் கட்டி, மகளைப் படிக்க வைத்து, மிச்சத்தில் ஒருவர் தமக்கு விருப்பமானதை வாங்கினால் யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். டி-போர்டு வாங்க வேண்டும். 29 வயதுக் காருக்கு அது கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. அடுத்தது பதிவு. 1996 மார்ச்சில் பதிவான கார் அது. பதினைந்து ஆண்டு முடிந்து 2011, 2016, 2021 என்று ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த முறை 2026 மார்ச். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று; 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்றால் மதுரைக்குப் போய்வர, லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில், 2,250 ரூபாய் பெட்ரோல். 2023 ஜூனிலிருந்து மதுரைக்கு இரயில் மீண்டும் ஓடுகிறதே என்று அக்கா அடுக்களையிலிருந்து சொன்னார்.

இதைவிட முதன்மையான ஒன்று இருந்தது. கார் இன்னும் காலமானவர் பெயரிலேயே இருந்தது. அதை முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே 29, 30 படிவங்களில் விற்பனை. வாரிசுகள் மூவர்: அம்மா, பெங்களூரில் மகன், கோயம்புத்தூரில் மகள். அவர்கள் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. அம்மா ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டால், மற்ற இருவரின் பங்கை அவர்களின் இசைவின்றி எடுத்ததாகும். இறந்தவரின் சொத்தைப் பங்கிடாமல் வைத்துக்கொண்டு பின்னால் வருந்துகிற குடும்பங்கள் நம்மிலும் குறைவில்லை.

"சரி, மூவரிடமும் கையெழுத்து வாங்குவோம். விலை இரண்டு இலட்சம். அவ்வளவுதானே?" என்றார் மச்சான்.

அங்கேதான் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. பழைய கார்களைத் தேடி வாங்கிப் பாதுகாக்கிறவர்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஒரே உரிமையாளர், முதல் நாளிலிருந்து எழுதிய கணக்கு நோட்டு, கூடுதல் ஓட்டமில்லாத எஞ்சின் ஆகிய இவை அவர்களுக்குப் பெருமதிப்பு. மெக்கானிக் பாய் இதை என்னிடம் தனியே சொல்லியிருந்தார். நமக்கு ஈரக் கம்பளமும் எலி தின்ற கம்பியும் குறை. அவர்களுக்கு அவை வேலை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"விற்கிறவர் குறையை மறைக்கக்கூடாது என்று படித்திருக்கிறேன். வாங்குகிறவர் விலையை ஏற்றிவிட வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று மச்சான் கேட்டார். குரலில் கசப்பு இருந்தது. என்னிடம் கிதாப் ஆதாரம் எதுவும் அப்போது நாவில் வரவில்லை. "கட்டி இழுத்த கதையை அந்த அம்மா கேட்காமலே சொன்னார்களே மச்சான்" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளருகே வந்து, "போய்ச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

சொன்னேன். அம்மா மகனுக்குச் சொன்னார். மகன் விசாரித்ததில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, இருக்கிறபடியே நான்கே கால் இலட்சம் தருவதாகச் சொன்னார். அம்மா எனக்கு ஆளனுப்பினார். "தம்பி, உன் மச்சானுக்கு ஆசை என்று தெரியும். நான்குக்கு அவர் எடுத்துக்கொள்வதானால் அவருக்கே. பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டேன்" என்றார்.

ஆக, தரகு இல்லை, மறைப்பு இல்லை, வாரிசுகளின் இசைவு உண்டு. நான் தடை சொல்ல இனி ஒன்றும் இல்லை. அக்காகூட, "அவர் உழைத்த காசு, அவர் விருப்பம்" என்று சொல்லிவிட்டார். மச்சான் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் மாடியில், கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே இருவரும் நின்றிருந்தோம்.

"வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை" என்றார். நான் காரணம் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "தம்மாமில் அந்தக் கார் நின்றால் நான் எஜமானருக்குப் போன் செய்வேன். ஒர்க்ஷாப்பிலிருந்து ஆள் வரும். பில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பென்ஸை ஓட்டியிருக்கிறேன். வைத்திருந்ததில்லை. அந்த நாலாவது வளைவில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது தெரிந்தது."

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காரை ஏற்றிச் செல்லக் கோயம்புத்தூரிலிருந்து லாரி வந்தது. கொட்டகையிலிருந்து லாரியின் சாய்தளம் வரை அறுபது அடி இருக்கும். குறுகிய வாசல், லாரியோடு வந்த பையன் தயங்கினான். அம்மா மச்சானைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. மச்சான் காலணிகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே அமர்ந்தார். பின் கதவைக் கைகாட்டி என்னை ஏறச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன்; அவர் தலையசைத்தார்.

எஞ்சின் முதல் முறையிலேயே உயிர்பெற்றது. மச்சான் ஒரு பொத்தானைத் திருகினார். அந்த ஒற்றைக் கை நடுவிலிருந்து எழுந்து, எட்டிக் குதித்து, மூலை வரை கண்ணாடியைத் துடைத்தது. கார் வாசலைக் கடந்து, சாய்தளத்தில் மெல்ல ஏறி, மேலே நேராக நின்றது. மீட்டரைப் பார்த்தேன். கடைசி எண் நகரவில்லை.